கீலேயாத் எங்களுக்குப் பழைய ஊர்

மத ஆட்சி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் படித்தவர்கள் இப்போது ஒரே ஒரு படத்தைத்தான் காட்டுகிறார்கள். சிவப்பு அங்கி. முகத்தை மறைக்கிற வெள்ளைத் தொப்பி. தலையைக் குனிந்துகொண்டு இரண்டிரண்டு பேராக நடந்துபோகிற பெண்கள். கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985-இல் வெளியிட்ட 'பணிப்பெண்ணின் கதை' என்ற நாவலிலிருந்து கிளம்பிய படம் அது. 2017-இல் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றத்தில், கருக்கலைப்பு உரிமையை நசுக்குகிற மசோதாக்களை எதிர்த்துப் பெண்கள் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். பிறகு வேறு நாட்டுத் தெருக்களிலும் அந்தச் சிவப்பு நடந்தது. போராட்டம் நியாயமானது. அதன்மேல் எனக்கு ஒரு சொல் மறுப்பும் கிடையாது. என் சண்டை அந்தப் படத்துக்கு அடியில் நம் இலக்கியவாதிகள் எழுதுகிற வாசகத்தோடுதான். 'எச்சரிக்கை, இப்படியும் ஒரு காலம் வரலாம்' என்று எழுதுகிறார்கள்.

வரலாமா? இனிமேதான் வரணுமா?

இந்த வகை நாவல்களுக்கு டிஸ்டோப்பியா என்று பெயர். கெட்டுச் சீரழிந்த வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்லும் கதைகள். அட்வுட் காட்டும் வருங்காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்ற தேசம் இல்லை. அந்த இடத்தில் கிலியட் என்ற கிறிஸ்தவ அடிப்படைவாத ஆட்சி நடக்கிறது. நம் ஊர் வேதாகமத்தில் கீலேயாத் என்று வருகிற அதே பெயர். குழந்தைப் பிறப்பு குறைந்துபோன காலம் அது. கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் பிடித்து அதிகாரிகளின் வீடுகளில் ஒப்படைக்கிறார்கள். மாதம் ஒருமுறை, மனைவி பக்கத்திலேயே இருக்க, வேதத்தை வாசித்துவிட்டு அந்தப் பெண்ணை அதிகாரி புணர்கிறான். இதற்கு ஆதாரம் ஆதியாகமம் 30-ஆம் அதிகாரம். பிள்ளையில்லாத ராகேல் தன் வேலைக்காரி பில்காளை யாக்கோபுக்குக் கொடுத்துப் பிள்ளை பெற்றுக்கொண்ட கதை. பிறந்த குழந்தை மனைவிக்குச் சொந்தம். பெற்றவள் அடுத்த வீட்டுக்கு மாற்றப்படுவாள். அவளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஃப்ரெட் என்பவனுடைய வீட்டில் இருந்தால் 'ஆஃப்ஃப்ரெட்', ஃப்ரெட்டினுடையவள். பெண்கள் வாசிக்கக் கூடாது. கடைப் பலகைகளில்கூட எழுத்தை அழித்துவிட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். வாசித்து மூன்றாம் முறை பிடிபட்டால் கையை வெட்டுவார்கள். வேதப் புத்தகத்தை அதிகாரி பெட்டியில் வைத்துப் பூட்டிவைத்திருக்கிறான்.

நாவல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதிகாரம் படுக்கையறைக்குள்ளும் சமையலறைக்குள்ளும் எப்படிப் புகுந்து உட்காருகிறது, பெண்ணைக்கொண்டே பெண்ணை எப்படி மேய்க்கிறது என்பதை அட்வுட் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். அவர் இன்னொன்றையும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறார். மனித வரலாற்றில் எங்கேயோ எப்போதோ நடக்காத எதையும் இந்த நாவலில் தான் சேர்க்கவில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. நல்ல விதிதான். அந்த விதியை அப்படியே அவர் பக்கம் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன். நடந்தது, சரி. யாருக்கு நடந்தது?

அதே மண்ணில்தான் நடந்தது. 1662-இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். பிறக்கிற பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அந்தச் சட்டம். இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளைக்குத் தகப்பன்வழிதான் உரிமை வரும். இந்த விஷயத்தில் மட்டும் ஏன் தாய்வழி? ஆண்டை தன் அடிமைப் பெண்ணிடம் பெறுகிற பிள்ளையும் ஆண்டையின் சொத்தாகவே பிறக்க வேண்டும் என்பதற்காக. ஐந்து வருஷம் கழித்து, 1667-இல், இன்னொரு சட்டம். ஞானஸ்நானம் வாங்கினாலும் அடிமை அடிமைதான். ஆத்துமாவுக்கு மட்டும் ரட்சிப்பு, உடம்புக்குக் கிடையாது. 1808-இல் வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டபோது, புதிய அடிமைகள் வருவதற்குச் சட்டப்படி மிஞ்சிய ஒரே வழி கறுப்பினப் பெண்களின் கருப்பையாக இருந்தது. பில்காளின் கதை அமெரிக்காவில் வருங்காலக் கற்பனை கிடையாது. இருநூறு வருஷத்துக்கு மேல் நடைமுறையில் இருந்த சொத்துச் சட்டம்.

எழுத்து? 1740-இல் தென் கரோலினா போட்ட சட்டப்படி அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் நூறு பவுன் அபராதம். 1830-இல் வட கரோலினா அடிமைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்றுத்தருவதைத் தடைசெய்தது. எண்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மூட்டை எண்ணத் தெரிய வேண்டுமில்லையா! துணி? அதே 1740-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அடிமைகள் எந்த மலிவுத் துணியைத்தான் உடுத்தலாம் என்று பட்டியலே இருக்கிறது. பெயர்? ஆண்டை வைத்ததுதான் பெயர். விற்றால் பெயரும் மாறலாம். வேதம்? 1807-இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வெளியேறுகிற பகுதியை அதிலிருந்து கவனமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். பூட்டிவைத்த வேதப் புத்தகம் என்ற படிமத்துக்கு இதைவிட என்ன மூலம் வேணும்?

ஆக, கிலியட்டின் நான்கு தூண்களும் – பிள்ளை, எழுத்து, துணி, பெயர் – கறுப்பு அடிமைகளின் முதுகிலிருந்து எடுத்தவை. நாவல் அச்சான வருஷத்தில் இவையெல்லாம் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. சரி, அந்தக் கறுப்பு மக்கள் நாவலில் எங்கே? சில வரிகளில் இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் ஒரு செய்தி ஓடுகிறது. 'காமின் பிள்ளைகள்' வடக்கு டகோட்டாவில் இருக்கும் தாயகப் பகுதிக்குக் குடியேற்றப்படுகிறார்களாம். காம், நோவாவின் மகன். அவன் வழிக்கு விழுந்த சாபம் என்று சொல்லித்தான் அடிமை வியாபாரத்துக்கே வேத நியாயம் கற்பித்தார்கள். செய்தி முடிகிறது. கதை தொடர்கிறது. அந்த மக்கள் போய்ச் சேர்ந்தார்களா, வழியிலேயே செத்தார்களா, அங்கே யார் பிள்ளை பெற்றாள், யார் பிள்ளையைப் பறிகொடுத்தாள்? ஒன்றுமில்லை. அவர்கள் அனுபவித்த கொடுமைகளைக் கழற்றி, நூலக வேலையும் வங்கிக் கணக்கும் வைத்திருந்த ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு அணிவித்துவிட்டு, அனுபவித்தவர்களை ரயில் ஏற்றிவிட்டார்கள். உடைமைக்காரரை வெளியே தள்ளிவிட்டு உடைமையை வைத்துக்கொள்வதற்கு எங்க ஊர்ல வேற பேரு.

இந்த நாவலின் கதையை ஒருநாள் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா நாற்பது வருஷம் பிறத்தியார் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். சிவப்பு அங்கி, பூட்டின பெட்டி, மாதச் சடங்கு, எல்லாத்தையும் உம் கொட்டிக்கொண்டே கேட்டார். 'அய்யோ பாவம் அந்தப் புள்ள' என்றார். பிறகு கேட்டார்: 'ஆமா, இதெல்லாம் வர்றதுக்கு முந்தி, அந்தப் புள்ள வேலைக்குப் போயிட்டு வந்துச்சுன்னியே, அந்த ஊர்ல அப்ப வீட்டு வேல செஞ்சவளுக யாரு? அவளுகளுக்கு மட்டும் அப்ப நல்ல காலமா இருந்துச்சாக்கும்?' நான் படித்த எந்த விமர்சனக் கட்டுரையும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. ஆட்சி மாறுவதற்கு முந்தைய நாள் யாருடைய நல்ல நாள்? டிஸ்டோப்பியா நாவல்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியில் உரசிப் பார்க்கலாம்.

நாவலின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு வருகிறது. 2195 ஜூன் 25. கிலியட் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பேராசிரியர்கள் கூடிய ஒரு மாநாட்டில், அந்தப் பெண் ஒலிநாடாக்களில் பேசி வைத்த வாக்குமூலத்தை ஒரு பேராசிரியர் அலசுகிறார். இது உண்மையா போலியா, அந்த அதிகாரி யார் என்றெல்லாம் ஆராய்கிறார். நடுநடுவே நகைச்சுவை. சபை சிரிக்கிறது. அவள் பட்டது அவருக்குப் பெரிதில்லை, அவளை வைத்திருந்தவனுடைய அடையாளம்தான் பெரிது. பாதிக்கப்பட்டவளின் சாட்சியத்தைக் கல்விப்புலம் எப்படிக் கையாளும் என்பதை அட்வுட் இங்கே கிழித்துக் காட்டியிருக்கிறார். நாவலிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஆனால் இதுவும் ஏற்கெனவே ஒருத்திக்கு நடந்ததுதான்.

அவர் பெயர் ஹாரியட் ஜேக்கப்ஸ். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். ஆண்டை வீட்டு ஆணின் பாலியல் துரத்தலிலிருந்து தப்பிக்க, தன் பாட்டியின் வீட்டுக் கூரைக்கடியில் ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், மூன்றடி உயரமே உள்ள பொந்தில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஒளிந்து கிடந்தார். நிமிர்ந்து உட்கார முடியாது. கீழே விளையாடுகிற தன் பிள்ளைகளை ஒரு துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அம்மா மேலே இருப்பது தெரியாது. வடக்கே தப்பிப்போன பிறகு, 1861-இல், புனைபெயரில் தன் வரலாற்றை வெளியிட்டார். என்ன ஆச்சு? ஓர் அடிமைப் பெண் இப்படியெல்லாம் எழுதியிருக்க முடியாது, இது பதிப்பித்த வெள்ளைக்காரப் பெண்மணி புனைந்த கதையாகத்தான் இருக்கும் என்று நூறு வருஷத்துக்கு மேல் அறிஞர்கள் எழுதிவந்தார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி எடுத்து, 1987-இல் கொண்டுவந்த பதிப்பில்தான் அது ஜேக்கப்ஸ் எழுதிய உண்மை வரலாறு என்பது நிலைநிறுத்தப்பட்டது.

கவனியுங்கள் தோழர்களே. கறுப்பு அடிமை எழுதிய உண்மைக்குக் கற்பனை என்று பெயர் வைத்தார்கள். அந்த உண்மையை எடுத்து வெள்ளைப் பெண்ணின் கதையாக எழுதினால் அதற்குத் தீர்க்கதரிசனம் என்று பெயர். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

இங்கேயும் அதே கணக்குத்தான். ஒரு கல்லூரிக் கருத்தரங்கில், பெயர் வேண்டாம், ஒரு பேராசிரியர் மேடையில் சொன்னார்: தலித் தன்வரலாறுகள் கச்சாப் பொருள், அதில் கற்பனை கிடையாது, அட்வுட்டைப் போல அனுபவத்தைத் தாண்டி எழுதினால்தான் இலக்கியம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. மடத்துக்குள்ளே, திருச்சபைக்குள்ளே, செபத்துக்கும் பலிபூசைக்கும் நடுவிலே சாதி எப்படி ஆட்சி செய்கிறது என்று உள்ளேயிருந்து வெளியேறிய ஒரு பெண் எழுதியது. மத அதிகாரம் ஒரு பெண்ணின் உடையை, பேச்சை, நடமாட்டத்தை, மனச்சாட்சியை எப்படிக் கட்டுகிறது என்பதற்கு அதைவிட என்ன பிரதி வேண்டும்? ஆனால் மத ஆட்சியைப் பற்றிய நூல்கள் என்று பட்டியல் போடும்போது அந்தப் புத்தகத்தை யாரும் அதில் வைப்பதில்லை. அது 'வாழ்க்கை அனுபவம்' என்ற வேறு அலமாரியில் கிடக்கும். எங்க பாடு எப்பவுமே அனுபவம், அவுங்க பயம் எப்பவுமே தத்துவம்.

நாவல் தொலைக்காட்சித் தொடராக 2017-இல் தொடங்கி 2025 வரை ஓடியது. நாவலில் கறுப்பர்களை ஒதுக்கியது தவறு என்று பட்டதாலோ என்னவோ, தொடரில் கறுப்பு நடிகர்களைக் கொண்டுவந்தார்கள். கதாநாயகியின் கணவனும் தோழியும் கறுப்பர்கள். நல்லது. ஆனால் அந்த கிலியட்டில் நிறம் ஒரு பிரச்சினையே இல்லை. வெள்ளை அதிகாரியும் அவன் மனைவியும் கறுப்புப் பெண் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்களாம். அடிமை முறை நடந்த அதே நாட்டில் எழும்பிய ஓர் அடிப்படைவாத ஆட்சி, பெண்ணை அடிமையாக்குமாம், நிறத்தை மட்டும் பார்க்காதாம்! நாவல் கறுப்பர்களை ஊரைவிட்டு அனுப்பியது. தொடர் அவர்களை ஊருக்குள் அழைத்து, அவர்களுடைய வரலாற்றை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னது.

'ஒரு நாவலில் எல்லாவற்றையும் எழுத முடியுமா? நீங்கள் தலை எண்ணுகிறீர்கள்' என்று உடனே கேட்பார்கள். நான் தலை எண்ணவில்லை. இந்த விடுபடலால் அரசியல் புரிதலே கோணலாகிறது என்கிறேன். கிலியட் எப்படி வருகிறது? அமெரிக்க அதிபரைச் சுட்டுக் கொல்கிறார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களை இயந்திரத் துப்பாக்கியால் தீர்க்கிறார்கள், பழியை இஸ்லாமியத் தீவிரவாதிகள்மேல் போடுகிறார்கள். ஒரே நாளில் பெண்களின் வங்கிக் கணக்கை முடக்கி, வேலையிலிருந்து துரத்துகிறார்கள். வானத்திலிருந்து இடி விழுந்த மாதிரி. வசதியாக இருந்தவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் மத ஆட்சி எங்கேயும் அப்படி ஒரே நாளில் விழுவதில்லை. அது முதலில் சிலர் முதுகில் வருஷக்கணக்காக ஓடிப் பழகுகிறது. விலங்கு, சாவி, காவல்காரன், அதை நியாயப்படுத்துகிற பிரசங்கம் எல்லாம் தயாராக இருக்கிறது. பிறகு ஒருநாள் எல்லை விரிகிறது, அவ்வளவுதான். அந்த முதல் ஆட்களைக் கதையிலிருந்து நீக்கிவிட்டால், விலங்கு எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது. அவர் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் நாளுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

பட்டறையைக் காட்டிய எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். ஆக்டேவியா பட்லர். 1947-இல் கலிபோர்னியாவில் பிறந்த கறுப்பினப் பெண். அவருடைய தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். அந்த வீடுகளுக்குள் தாய் பின்வாசல் வழியாக நுழைவதைப் பார்த்து வளர்ந்த மகள் அவர். எங்கம்மா கேட்ட கேள்விக்குள்ளேயிருந்து எழுத வந்தவர் என்று சொல்லலாம். 1993-இல் 'விதைக்கிறவன் உவமை', 1998-இல் 'தாலந்துகளின் உவமை' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். முதல் நாவல் 2024-ஆம் வருஷம் ஜூலையில் தொடங்குகிறது. லாரன் ஒலாமினா என்ற கறுப்புப் பெண்ணின் நாட்குறிப்பு. தண்ணீர் விலையேறிவிட்டது, தெருவில் பிணம் கிடக்கிறது, மதில் எழுப்பிக்கொண்டு மக்கள் வாழ்கிறார்கள். ஒரு கம்பெனி ஒரு ஊரையே விலைக்கு வாங்குகிறது. கடனுக்காக மனிதர்கள் அடிமையாகிறார்கள், தாயிடமிருந்து பிள்ளைகளைக் கடனுக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இத்தனையும் மத ஆட்சி வருவதற்கு முன்னால். அடிமைத்தனம் முதலில் கூலிக்கணக்காகத் திரும்பி வருகிறது. ஜெபம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இரண்டாம் நாவலில் ஆண்ட்ரூ ஸ்டீல் ஜாரட் என்ற பிரசங்கி அதிபராகிறான். துப்பாக்கியால் இல்லை, ஓட்டால் ஜெயித்து வருகிறான். அமெரிக்காவை மறுபடி மகத்தான நாடாக்குவோம் என்பது அவன் கோஷம். 1998-இல் எழுதியது, மறந்துவிடாதீர்கள். 'கிறிஸ்தவ அமெரிக்கா' என்பது அவனுடைய சபை. அந்தச் சபையின் பெயரால் ஆயுதக் கும்பல் லாரனின் சமூகம் கட்டிய ஊரைப் பிடிக்கிறது. எல்லார் கழுத்திலும் மின்பட்டை மாட்டுகிறது. பொத்தானைத் தட்டினால் உடம்பெல்லாம் வலி. பிள்ளைகளைப் பிடுங்கி 'நல்ல' கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கிறது. லாரனின் மகள் வேறு பெயரில் வேறு வீட்டில் வளர்கிறாள். இங்கே பிள்ளையைப் பறிகொடுக்கிறவள் அடிமைகளின் வழிவந்தவள். கழுத்துப்பட்டை அவளுக்குப் புதுசு கிடையாது, கொள்ளுப்பாட்டி காலத்து இரும்பு மின்சாரத்தில் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

பட்லர் இதோடு நிற்கவில்லை. லாரனின் தம்பி மார்க்கஸ் தானே கழுத்துப்பட்டை மாட்டி விற்கப்பட்டவன். அக்காதான் அவனை விலைகொடுத்து மீட்கிறாள். அவனே பிறகு கிறிஸ்தவ அமெரிக்காவின் போதகராகிறான். அக்காவின் மகளைக் கண்டுபிடித்தும், உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று அவளிடம் சொல்லாமல் மறைக்கிறான். ஏன்? அந்தச் சபைதான் அவனுக்கு மேடையும் மரியாதையும் கொடுத்தது. மிதிபட்டவனுக்கு மிதித்தவனின் கோயிலில் ஒரு மணியம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு ஈரத்தோடும் இரக்கமில்லாமலும் எழுதியவர் குறைவு. நம் தெருவிலிருந்து யார் யார் எந்தெந்தக் கொடியின் கீழே போய் நிற்கிறார்கள் என்று பார்க்கிற நமக்கு மார்க்கஸை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வித்தியாசம். வசதியான டிஸ்டோப்பியாவில் மதம் என்றால் சாட்டை மட்டும்தான். அடிமைகளுக்கு வேதத்தின் எந்தப் பகுதியை வெட்டினார்களோ அதையேதான் அவர்கள் பாட்டாக்கிப் பாடினார்கள். அடிமைகளை இரவோடிரவாக வடக்கே கூட்டிப்போன ஹாரியட் டப்மனுக்கு மோசே என்று பேர். பட்லரின் லாரன் தானே ஒரு புதிய மார்க்கத்தை உண்டாக்குகிறாள். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கரை அறிந்த நமக்கு இது விளங்கும். கேள்வி கடவுள் உண்டா இல்லையா என்பதில் இல்லை. வேதம் யார் கையில் சட்டமாகிறது, யார் கழுத்தில் பட்டையாகிறது என்பதில் இருக்கிறது.

கறுப்பர் கதை நமக்கெதற்கு என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜோதிராவ் பூலே 1873-இல் தன் 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைகளை விடுவித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்த உறவோடுதான் கிலியட்டின் நான்கு தூண்களை நம் மண்ணில் தேடுகிறேன். பெயர்: சூத்திரனுடைய பெயர் இழிவைக் காட்டுவதாக இருக்க வேண்டும் என்பது மனுஸ்மிருதி. எழுத்து: வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். துணியும் குடியிருப்பும்: சண்டாளன் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும், இரவில் ஊருக்குள் நடமாடக் கூடாது. இதை எழுதியவர் அட்வுட் இல்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் எரித்தது நாவலை இல்லை.

அரசாகவே நடந்த உதாரணம் வேண்டுமா? 1750-இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் நாட்டைப் பத்மநாபசுவாமியின் காலடியில் எழுதி வைத்தார். அதன்பிறகு வந்த அரசர்கள் பத்மநாபனின் தாசர்களாக ஆண்டார்கள். கடவுளே அரசன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்த நாட்டில்தான் இருந்தது. அங்கே புலையரும் பறையரும் வாங்கி விற்கப்பட்ட அடிமைகள். 1855-இல்தான் அடிமை முறையை ஒழித்துப் பிரகடனம் வந்தது. சாணார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காக அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859-இல் அரசர் மனமிறங்கிக் கொடுத்த ஆணையிலும் ஒரு கொக்கி: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. எந்தத் துணி, எந்த மடிப்பு என்பது வரை அரசாங்கம் பார்த்தது. கிலியட்டில் மனைவிக்கு நீலம், சமையல்காரிக்குப் பச்சை, பிள்ளை பெறுகிறவளுக்குச் சிவப்பு என்று படிக்கிறபோது டெல்லியிலும் சென்னையிலும் இருக்கிற விமர்சகருக்குப் புல்லரிக்கிறது. தெற்குத் திருவிதாங்கூர்க் கிழவிகளுக்குப் புல்லரித்திருக்காது.

நம் நாட்டு ஆங்கில நாவலிலும் இந்த ஒப்பனை வந்துவிட்டது. பிரயாக் அக்பரின் 'லைலா' 2017-இல் வந்தது, 2019-இல் தொடராகவும் வந்தது. வருங்கால நகரத்தில் ஒவ்வொரு சமூகமும் சுத்தத்தின் பெயரால் தனக்கென்று மதில் கட்டிக்கொள்கிறது. முஸ்லிமை மணந்த ஷாலினியிடமிருந்து மகளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், அவள் வருஷக்கணக்காகத் தேடுகிறாள். துணிச்சலான நாவல்தான். கலப்பு மணத்தைக் கொலைக் குற்றமாக்குகிற நாட்டில் அதை எழுத நெஞ்சுரம் வேண்டும். ஆனால் மதில் அங்கே அதிர்ச்சியாக இருப்பது, அது வேலைக்காரி வைத்துக்கொண்டிருந்தவளின் முன்னால் எழும்பியதால். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் தெருவை ஒதுக்கி எழுப்பிய சுவர் ஏறக்குறைய இருபது வருஷம் நின்றது. 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை இடித்துத்தான் வழி விட்டார்கள். அந்தச் சுவர் எந்த நாவலாசிரியரின் வருங்காலம்?

அப்ப இந்த நாவல்களைப் படிக்காதே என்கிறாயா என்று கேட்டால், இல்லை. படியுங்கள். எரிக்க வேண்டியது வேறு இருக்கிறது. ஆனால் நம் வாசிப்பு வட்டங்களில் இவற்றைப் படிக்கும்போது அவர்கள் கொடுக்கிற கேள்வியை வாங்கிக்கொள்ளாதீர்கள். 'இது நமக்கும் வருமா' என்பது அவர்கள் கேள்வி. இது ஏற்கெனவே யாருக்கு வந்தது, அவர்கள் இந்தக் கதையில் எந்தப் பக்கத்தில் காணாமல் போனார்கள், அவர்கள் எழுதி வைத்ததை யார் நம்ப மறுத்தார்கள் என்று கேளுங்கள். அட்வுட்டோடு ஜேக்கப்ஸைச் சேர்த்துப் படியுங்கள். பட்லரைத் தமிழில் முழுசாகக் கொண்டுவர வேண்டும். அது ஒருவர் செய்கிற வேலை இல்லை, ஆங்கிலம் படித்த நம் மாணவர்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்ய வேண்டியது.

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். வருங்காலத்தைப் பற்றி எழுத நமக்கு அனுமதி இல்லை என்று யாரோ சொல்லி வைத்த மாதிரி, நாம் பட்டதை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம். பட்டதை எழுதியது பெரிய காரியம், அதில் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் விலங்கின் எடை தெரிந்தவர்களுக்குத்தான் அது அடுத்து என்ன வடிவத்தில் வரும் என்பதும் தெரியும். இரும்பில் வந்தது, பத்திரத்தில் வந்தது, இனி அட்டையிலும் எண்ணிலும் வரும். எந்த வீட்டு வாசலில் முதலில் நிற்கும் என்று நமக்குத் தெரியும். அதைத் தப்பித்துப் போகிற வழியையும் நம் கிழவிகள் ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறார்கள். அந்த நாவலை அட்வுட் எழுத முடியாது. எழுதினால் நாம்தான் எழுத வேண்டும், சேரியில் தொடங்கி எழுத வேண்டும்.